செஞ்சிக்கு நான் விட்ட ரயில்

இந்த ஊரில் எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு 'ரைட்' சொல்லிக்கொள்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது ரைட். கடைக்குப் போகப் பையை எடுக்கும்போது ரைட். பாதிரியார்கூடப் பூசை முடிந்து அறிவிப்புப் படிக்குமுன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரைட் என்கிறார். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி மிஸஸ் ஹாப்ஸன், கணவரை இழந்தவர், நல்ல மனுஷி. காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி, ஆளில்லாத சமையலறையைப் பார்த்து உரக்க ஒரு ரைட் சொல்வார். மாடியில் கம்பளிக்குள் கிடக்கும் நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அவர்களுக்கு அது 'சரி, ஆகட்டும்' என்பது மாதிரி ஒரு சொல். எனக்கு அப்படி இல்லை. நம் பக்கத்து பஸ்ஸில் ரைட் என்றால் வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஏறாதவன் ஏறாதவன்தான்.

என் பெயர் சவரிமுத்து. செஞ்சிக்காரன். விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தவனை, யுத்தத்தின்போது தொழில் பழக்குகிறோம் என்று இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது, நான் மட்டும் இந்த வடக்குச் சீமையில் ஓர் இன்ஜின் ஷெட்டிலேயே தங்கிவிட்டேன். சவரி என்பது இவர்கள் வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் 'ஸாரி' என்றுதான் வெளியே வருகிறது. ஷெட்டில் யாராவது காலை மிதித்துவிட்டு ஸாரி என்றால் நான் திரும்பி 'என்ன?' என்கிறேன். மன்னிப்பு என்கிற சொல்லே எனக்குப் பெயராகிவிட்டது. பெயர் வைத்தவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் யாரையும் மன்னிக்கிற ஆள் இல்லை. இதைச் செஞ்சியில் இருப்பவர்களும், என்னைப்போல் கடல் தாண்டி எங்கெங்கோ போய் விழுந்தவர்களும் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு நம் ஊர் மொதலாளியிடம் போய்ச் சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஷெட்டில் என்னோடு வேலை செய்கிறவன் ஃபிரெட். என் வயதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். சாப்பாடு போடுவான் என்று நினைத்துப் போனேன். அவனோ தோட்டத்துக் கொட்டகைக்குள் இட்டுக்கொண்டு போய் விளக்கைப் போட்டான். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் ஓர் ஊரே இருந்தது. ஸ்டேஷன், பாலம், குகை, மாதாகோயில், புல்வெளியில் ஆடுகள். என் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இன்ஜின், சாவி கொடுத்ததும் கிறுகிறுவென்று சுற்றி வந்தது. பகலெல்லாம் இன்ஜினோடு மல்லாடுகிறவன் வீட்டுக்கு வந்தும் இன்ஜினா? எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாதாகோயில் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டமும், அங்கே கறுப்பு உடையில் ஒரு சின்னப் பொம்மையும் இருந்தன. யார் என்று கேட்டேன். தன் தாயார் என்றான். பிளேன் குண்டு போட்டதில் அவன் வீடு போயிற்று, தெரு போயிற்று. தாயார் மட்டும் பிழைத்து, பிறகு செத்துப்போனாள். இந்தப் பலகையில் அந்தத் தெரு இடியாமல் நிற்கிறது. 'இங்கே நான் வைத்தது சட்டம்' என்றான் ஃபிரெட். அந்தப் பேச்சு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. செஞ்சிக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வருகிற ரயில் திண்டிவனத்தில் நிற்கும், விழுப்புரத்தில் நிற்கும், எங்களுக்கு மட்டும் ஊதல் சத்தம்கூடக் கேட்காது. நான் சிறுவனாக இருந்தபோது லைன் போடப்போகிறார்கள் என்று யாரோ வந்து அளவெடுத்து, தொண்டூர்ப் பக்கம் வயல் வரப்பில் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் குச்சியைப் பார்த்தே எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் ரயிலேறிவிட்டார்கள். மொதலாளி சும்மா இருப்பாரா? ரயில் வந்தால் வாந்திபேதி வரும், ராஜகிரி மலையை வெடி வைத்து உடைத்து ஜல்லி போட்டுவிடுவான் என்று ஊரெல்லாம் சொல்லி மனு போட்டார். மனுவால்தான் லைன் வரவில்லையா, கட்டுப்படியாகாது என்று அவர்களே விட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது. நான் மொதலாளி கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

மொதலாளி என்றால் பஸ் மொதலாளி. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடின ஒரே பஸ் அவருடையது. அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரைவருக்குப் பக்கத்து நீள சீட்டில் ஓர் ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் அவருடைய குடை. நடுவே சந்தைக்குப் போகிற வாழை இலைக்கட்டோ கொய்யாக் கூடையோ இருக்கும். எங்கள் கோயில் தெரு என்பது மாதாகோயில் சேரி; அந்தத் தெருக்காரர்கள் பஸ்ஸில் ஏறலாம். பின்பக்கம் நிற்கலாம். உட்காரக் கூடாது. யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டினார்கள். அதன் புகை முழுக்க நிற்கிறவர்களுக்குத்தான். கண்டக்டர் ஒருவன் இருந்தான், ஆனால் ரைட் சொல்வது மொதலாளி. அந்த ஒரு சொல்லை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மிஸஸ் ஹாப்ஸனிடம் மாடியில் என் அறைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த சின்ன அறையைக் கேட்டேன். எதற்கு என்றார். ரயில் விடப்போகிறேன் என்றேன். 'சத்தம் வராதே?' என்று மட்டும் கேட்டார். ஃபிரெட் வந்து அறையைப் பார்த்தான். சுவரில் ஒட்டிய பூப்போட்ட காகிதத்தின் மிச்சச் சுருள் ஒன்று பரணில் இருந்தது. அதை வெறும் பக்கம் மேலே வருகிறாற்போல் தரையில் விரித்தான். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். 'ஆணி அடிக்குமுன் மூன்று கேள்விக்குப் பதில் சொல். உன் ரயில் எங்கே கிளம்புகிறது? எங்கே போய்ச் சேருகிறது? யார் ஏறுகிறார்கள்?' என்றான். செஞ்சியில் கிளம்புகிறது, திண்டிவனம் போய்ச் சேருகிறது, என் அக்கா ஏறுகிறாள் என்றேன். 'அப்படியானால் அக்காவுக்கு முதல் வகுப்பு' என்று சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. முதல் வகுப்புதான் என்றேன்.

அங்கேயே எங்களுக்குள் சண்டை வந்தது. அறை சின்னது, வட்டமாக லைன் போடு, ரயில் நிற்காமல் ஓடும் என்றான் ஃபிரெட். வட்டமாகப் போட்டால் செஞ்சியில் கிளம்பி மறுபடி செஞ்சிக்கே அல்லவா வரும்? திண்டிவனம் எப்போது வரும்? 'திண்டிவனம் என்று ஒரு பலகையைப் பாதி வழியில் நட்டுவிடு' என்றான். 'பொம்மை ரயிலில் யார் எங்கே நிஜமாகப் போகிறார்கள்?' என் கையிலிருந்த அளவுகோலைத் தூக்கிப் போட்டேன். போய்ச் சேராத வண்டியை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம் என்றேன். எனக்கிருக்கிற ஆங்கிலத்தில் அது எப்படி விழுந்ததோ, நான் ஏதோ லேட்டாக வந்த ரயிலைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, 'ஓ, உங்கள் ஊர் ரயில்களா!' என்று தோளில் தட்டினான். கடைசியில் இரண்டு சுவரை ஒட்டி லைன் போடுவது என்று ஆயிற்று. கதவு மூலையில் செஞ்சி. வளைந்து போய் ஜன்னல் ஓரத்தில் திண்டிவனம். பிளாட்பாரத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தால் ஆஸ்பத்திரி வாசல்.

அக்கா பெயர் பிலோமினா. எனக்கும் தம்பி தாசுக்கும் மூத்தவள். அவள் புருஷன், எங்கள் மாமா, பட்டாளத்தில் ரோடு போடுகிற வேலைக்குப் போய்விட, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா இல்லாத வீடு. வலி எடுத்துப் பொழுது விடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. மருத்துவச்சி கையை உதறிவிட்டு வெளியே வந்து, 'நம்ம கையில ஒண்ணும் இல்ல, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுங்க' என்றாள். நைனா கூலி வேலை செய்யும் வீட்டில் ஒரு மாட்டு வண்டி கேட்டு வாங்கி வந்தார். அக்காவை அதில் கிடத்தி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். பஸ் வருகிற நேரம்தான். நான் ரோட்டின் நடுவே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பஸ் நின்றது. நின்றதும் எனக்கு உயிர் வந்தது, அதை இன்றைக்கும் சொல்கிறேன், பஸ் நின்றது.

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்பக்கத்து ஜன்னல் பக்கம் போனார். 'ஐயா, புள்ளதாச்சிங்க. புள்ள குறுக்க மாட்டிக்கினு இருக்குதுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் படுக்க வச்சிக்கினு போனா போதுங்க.'

'எந்தத் தெரு?' என்றார் மொதலாளி.

'கோயில் தெருங்க.'

மொதலாளி வண்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருடைய மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற மிளகு சைஸ் மச்சம் அசைந்தது. 'வண்டியில பெத்து வச்சிட்டாள்னா யாரு கழுவறது? அதான் மாட்டு வண்டி இருக்குதில்ல, அதுலயே இட்டுக்கினு போ. ரைட்!'

அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. இலைக்கட்டு படுத்திருந்தது. அதைத் தூக்கிக் காலடியில் போட்டிருந்தால் அக்கா படுத்திருக்கலாம். நான் கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். கரிப்புகையில் கண் தெரியாமல் விழுந்து எழுந்து வந்தபோது அக்கா கேட்டாள், 'இன்னாடா, பஸ்ஸு நிக்கலியா?' நான், 'இது சின்ன வண்டிக்கா, இடம் பத்தாது. அடுத்த வண்டி வருது, அதுல போயிடலாம்' என்றேன். அடுத்த வண்டி என்று ஒன்று அந்த ரோட்டில் கிடையவே கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் 'சரிடா' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். தீவனூர் தாண்டுவதற்குள் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு. நைனா மாட்டைத் திருப்பிய இடம் எனக்குத் தெரியும். கட்டையில போறவன், அன்று சாயங்காலம் அதே ரோட்டில், அதே பஸ்ஸில், எங்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனான்.

ஆகவே நான் கட்டியது ரயில் இல்லை. அடுத்த வண்டி.

கட்டுவதற்கு நாள் பிடித்தது. யுத்தம் முடிந்தும் இங்கே எல்லாவற்றுக்கும் ரேஷன்தான். மாவு கூழ் காய்ச்சிக் காகித மலை செய்யலாம் என்றான் ஃபிரெட். தின்கிற மாவில் மலை செய்ய மிஸஸ் ஹாப்ஸன் விடவில்லை. நல்லதாயிற்று. எங்கள் ஊர் மலையைக் கூழில் செய்ய முடியாது. பாறைமேல் பாறையாக யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கிற மலை அது. இன்ஜின் அடுப்பில் வெந்து கட்டிதட்டிப்போகிற கரிக்கட்டிகளைக் கிளிங்கர் என்பார்கள். தினமும் மண்வாரியால் அள்ளி வெளியே கொட்டுவோம். அதில் பொறுக்கியெடுத்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி, செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் பூசியபோது கதவு மூலையில் ராஜகிரி எழும்பிவிட்டது. ஃபிரெட் பார்த்துவிட்டு, 'பாறை இப்படி நிற்காது, உருண்டுவிடும்' என்றான். எங்கள் ஊருக்கு வந்து அதனிடம் சொல்லிப்பார் என்றேன். பச்சைப் புல் கொஞ்சம் தூவலாமே என்றான். சித்திரை மாதம், புல் இல்லை என்றேன். பனைமரத்துக்குப் பழைய பாட்டில் பிரஷ்ஷை வெட்டிக்கொண்டேன்.

அக்காவை ஈயத்தில் வார்த்தேன். பச்சைப் புடவை கட்டி முதல் வகுப்பு ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தேன். பஸ்ஸைக் கோகோ டப்பாத் தகரத்தில் செய்தேன். முதுகில் கரி அடுப்பு, முன்னால் நீள சீட்டு, குடை, இலைக்கட்டு, எதையும் விடவில்லை. மொதலாளிக்கு ஃபிரெட் தன்னிடமிருந்த தொப்பி போட்ட கனவான் பொம்மை ஒன்றைக் கொடுத்தான். தொப்பியை அரத்தால் ராவி எடுத்தேன். ராவும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? கோட்டை ராவி ஜிப்பாவாக்கி, தோளில் அங்கவஸ்திரம் போட்டு, ஊசிமுனையில் மச்சம் வைத்தேன். டிரைவர் சீட்டை அப்படியே விட்டேன். ஓடாத பஸ்ஸுக்கு டிரைவர் எதற்கு?

அந்த பஸ் ஓடக் கூடாது என்பதுதான் என் திட்டமே. செஞ்சி ஸ்டேஷனைத் தாண்டியதும் ரோடு லைனைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு கேட் வைத்தேன். கேட்டை மூடி, பஸ்ஸை அதன் முன்னால் நிறுத்தினேன். ரயில் போகும், வரும், மறுபடி போகும். மொதலாளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஃபிரெட் அந்தக் கேட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். 'தப்பாகச் செய்திருக்கிறாய். திற, பார்க்கலாம்' என்றான். திறந்தேன். நான் பார்த்துப் பழகிய கேட் எல்லாம் ரோட்டுக்கு மட்டும்தான். திறந்தால் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். இங்கே அப்படி இல்லையாம். ரோட்டுக்குத் திறக்கிற கேட் அப்படியே திரும்பிப் போய் லைனைக் குறுக்கே அடைத்துவிடவேண்டுமாம். ஒரே கேட், இரண்டில் ஒன்றைத்தான் விடும். பஸ் போனால் ரயில் நிற்கவேண்டும், ரயில் போனால் பஸ். 'இரண்டையும் விட்டால் அது கேட் இல்லை, கொலை' என்றான் ஃபிரெட்.

எனக்கு ஆட்சேபணையே இல்லை. அந்த மாதிரியே கழற்றி மாட்டினேன். ரோட்டைச் சாத்தி, லைனைத் திறந்து வைத்தேன். சாவி கொடுத்தேன். செஞ்சியில் அக்கா ஏறினாள். ரயில் ராஜகிரிக்குக் கீழே வளைந்து, கேட்டில் மொதலாளி மூக்குக்கு நேராகக் கடந்து, ஜன்னல் ஓரத்துத் திண்டிவனத்தில் நின்றது. நான் அழவில்லை. வெறி பிடித்தவன் மாதிரி சிரித்தேன். கீழேயிருந்து மிஸஸ் ஹாப்ஸன் என்னவென்று கேட்டார். ரயில் வந்து சேர்ந்துவிட்டது என்று கத்தினேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, விட்டுக்கொண்டே இருந்தேன். பஸ் எப்போது போகும் என்று ஃபிரெட் சில சமயம் கேட்பான். போகாது என்பேன். 'உள்ளே இருக்கிறவர் வேலைக்குப் போகவேண்டாமா?' என்பான். வேண்டாம் என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ரத்தினம் வந்தான். திண்டிவனத்துக்காரன். என்னோடு ஒரே கப்பலில் வந்தவன், வேறு ஊர் ஃபாக்டரியில் இருக்கிறான். லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவன், ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தான். மாடிக்கு இட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும், 'அடேங்கப்பா, ராஜகிரி!' என்று வாயில் கை வைத்தான். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் கேட் கிட்டே வந்து நின்றான்.

'டேய் சவரி, இது மொதலாளி இல்ல? அதே மச்சம்டா! இன்னாடா கேட்டுல மாட்டி வச்சிருக்கிற?' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, 'டிரைவர் சீட்டு ஏன் காலியா இருக்குது? உன் தம்பி எங்க?' என்றான்.

'தாசா? அவன் ஏன் அங்க வர்றான்?'

'இன்னா, உனக்குத் தெரியாதா? அவன்தானேடா இப்ப அந்த வண்டிய ஓட்டுறான்!'

தம்பி எனக்கு எழுதும்போதெல்லாம் வேலைக்குப் போகிறேன், நைனா நன்றாக இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்வான். என்ன வேலை என்று நானும் கேட்கவில்லை.  'சோறு கெடைக்கலன்னா அந்தப் பாவி வாசல்லயா போய் நிப்பான்? வெக்கங்கெட்டவன்! அக்காவைத் தூக்கினது அவனும்தானே?' என்று கத்தினேன். கையிலிருந்த தேநீர்க் கோப்பை எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. ரத்தினம் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

'முழுசாக் கேளுடா. நான் அந்த பஸ்ஸுல போனவன். வல்லம் தாண்டினதும் ஒரு புள்ளதாச்சி ரோட்டோரத்துல கைய காட்டுச்சி. இடுப்புல ஒரு துணி மூட்டை, வேற யாரும் கூட இல்ல. மொதலாளி பார்த்துட்டு ரைட், ரைட்னு கத்துறாரு. தாசு பிரேக்கைப் போட்டுட்டான். எஞ்சினையும் நிறுத்திட்டான்.'

'நிறுத்திட்டு?'

'கீழ எறங்கி, சுத்தி வந்து, முன்கதவைத் திறந்து, அந்தம்மா ஏறட்டும் மொதலாளி, நீங்க கொஞ்சம் தள்ளிக் குந்துங்கன்னான்.'

'தள்ளிக் குந்துனானா?'

'இலைக்கட்டைத் தூக்கிக் கீழ போட்டுட்டு, குடைய மடியில வச்சிக்கினு, ஓரமா ஒடுங்கிக் குந்துனாரு. மூஞ்சியப் பார்க்கணுமே! எந்தப் புள்ளதாச்சி கைய காட்டுனாலும் உன் தம்பி இப்படித்தானாம். தெனமும் மொதலாளி திட்டுறாராம், தெனமும் இவன் நிறுத்துறானாம். வேலைய விட்டு எடுக்கவும் முடியல. அந்தக் கரி அடுப்பு யாருக்கும் மசியல, இவன் ஒருத்தன் கைக்குத்தான் மசியுது.'

 சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான், தலையில் தூக்கி வைத்து ஆடலாம்போல் இருந்தது. கூடவே பொறாமை. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமை. நான் கடல் தாண்டி வந்து ஈயத்தை உருக்கித் தகரத்தை வெட்டி ஒரு பொம்மையைக் கேட்டில் நிறுத்திச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைவிடச் சின்னவன், ஊரிலேயே இருந்துகொண்டு, நிஜ மொதலாளியை, நிஜ சீட்டில், தள்ளிக் குந்து என்கிறான். பழி வாங்குவது என்றால் அதுதான். நான் செய்தது விளையாட்டு.

ரத்தினம் போனபிறகு பலகை முன்னால் உட்கார்ந்தேன். தாசுக்கு ஓர் ஈயப் பொம்மை வார்த்து, காக்கிச் சட்டை தீட்டி, டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. கேட் சாத்தியிருந்தால் மொதலாளி மட்டுமா நிற்கிறார், என் தம்பியும் அல்லவா நிற்கிறான்? சரி, திறக்கலாம் என்று கேட்டில் கை வைத்தால் அது திரும்பிப் போய் அக்கா வருகிற லைனை அடைத்துக்கொள்கிறது. இந்த ஊர்க்காரன் சட்டம் அப்படி. தம்பியை விட்டால் அக்கா நிற்கவேண்டும், அக்காவை விட்டால் தம்பி. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கேட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஃபிரெட் வந்து எட்டிப் பார்த்து, கேட் இறுக்கமாக இருக்கிறதா, எண்ணெய் விடட்டுமா என்றான்.

பிறகு நினைத்துக்கொண்டேன். செஞ்சிக்கு ரயில் ஏது? நான் அக்காவிடம் சொன்ன பொய்க்குத்தான் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் நிஜம். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கை எங்கள் வீட்டுக் கை. ரயிலை நிறுத்தினேன். முதல் வகுப்பிலிருந்து அக்காவை இரண்டு விரலால் எடுத்தேன். பஸ்ஸின் முன்கதவைத் திறந்தேன். மொதலாளியைத் தள்ளிக் குந்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தாசு நல்லவன், ஓரத்தில் இடம் விட்டான். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. மொதலாளியைக் குடையோடும் இலைக்கட்டோடும் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த நீள சீட்டு முழுக்க அக்காவைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்தேன். கேட்டைத் திருப்பினேன். பஸ்ஸைக் கையாலேயே தள்ளிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். உட்கார்ந்த மொதலாளிப் பொம்மை இனி உதவாது. அவரை உருக்கி அதே ஈயத்தில் நிற்கிற மாதிரி புதிதாக வார்த்தேன். இரண்டு கையும் மேலே தூக்கியிருக்கிற மாதிரி. செஞ்சி மெயின் ரோட்டில், நான் நின்ற இடத்தில், போகிற பஸ்ஸைப் பார்க்க நிறுத்தினேன்.

சனிக்கிழமைதோறும் மிஸஸ் ஹாப்ஸன் அந்த அறையைத் தூசு தட்டுகிறார். முதல் சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் மொதலாளியை ரோட்டில் காணவில்லை. திண்டிவனம் பிளாட்பாரத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எடுத்துத் திரும்ப ரோட்டில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை ரயிலுக்குள், அதுவும் முதல் வகுப்பில். மறுபடி எடுத்து ரோட்டில் வைத்தேன். போன வாரம் நான் வீட்டில் இருக்கும்போதே, இறகுத் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரை எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன்.

'பாவம், வயதானவர், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். எவ்வளவு நேரம்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்?' என்றார்.

'நிற்பார்' என்றேன்.

'உனக்குத் தெரிந்தவரா?'

அந்த மனுஷியிடம் என்னத்தைச் சொல்வது? 'எங்கள் ஊர்க்காரர்' என்றேன்.

'அதுதானே பார்த்தேன்' என்று மொதலாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறாய்! இந்த மச்சம், இந்தப் புருவம், அப்படியே உயிரோடு இருக்கிறாற்போல். ஆனால் பஸ்ஸில் அந்தப் பெண்ணை ஏன் பாதியில் விட்டுவிட்டாய்? முகமே வரையவில்லையே.'

அவர் கீழே போனபிறகு அக்காவை எடுத்துப் பார்த்தேன். பச்சைப் புடவைக்கு மேலே வெறும் ஈயம். வரைந்து வரைந்து துடைத்திருக்கிறேன். கண் பெரியதா சின்னதா, நெற்றி அகலமா, பல் தெரியச் சிரிப்பாளா, ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் போட்டோ கிடையாது. செஞ்சியிலிருந்து நான் ஒரு மயிரிழை குறையாமல் இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்திருக்கிற முகம் மொதலாளி முகம் ஒன்றுதான். தினமும் நான் கண்ணால் பார்க்கிற செஞ்சிக்காரனும் அவன்தான். தாசுக்கு இன்றைக்கு எழுதியிருக்கிறேன், அக்காவுக்குக் கன்னத்தில் குழி விழுமா என்று கேட்டு. மொதலாளியை மறுபடியும் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டேன்.